குதிகால் கட்டும் உன் வாய்ஸ் மெசேஜும்

மரக்காணம்,
ஆனி மாதம்.

அன்புள்ள மகன் பிரபாகரனுக்கு, அம்மா எழுதிக்கொள்வது. இங்கே என் வலது குதிகாலைத் தவிர வீட்டில் எல்லோரும் சுகம். அங்கே உன் வாயைத் தவிர மற்றதெல்லாம் சுகமாகவே இருக்கும் என்று நினைக்கிறேன். கையில் போன் இருக்கும்போது இவள் எதற்குக் காகிதத்தில் எழுதுகிறாள் என்று யோசிப்பாய். போனில் பேசினால் நீ குறுக்கே குறுக்கே பேசுகிறாய், நான் சொல்ல வந்தது பாதியில் நின்றுபோகிறது, அப்புறம் நீ குரல் கம்மி அழ ஆரம்பித்தால் நானும் சரி விடுடா, சாப்பிட்டியா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவேன். இந்தத் தடவை அப்படி விடுவதாக இல்லை. போதாக்குறைக்கு இப்போது நம் வீட்டில் யார் வாயைத் திறந்து பேசினாலும் அது ஊரில் எல்லார் போனுக்கும் போய்விடுகிறது. காகிதத்தை யாரும் அவ்வளவு சுலபமாக ஃபார்வேர்டு செய்ய மாட்டார்கள். கூனிமேட்டு ரபீக் பாய் மகன் வருகிற வாரம் கத்தாருக்குத் திரும்புகிறான், அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன். உட்கார்ந்து முழுதாகப் படி. பாதி படித்துவிட்டு எனக்குப் போன் போடாதே.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். பொன்னம்மாள் ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். அடுத்த தெருப் பொன்னம்மாள்தான், அவள் கைக்குழந்தைக்காரியாக வீட்டோடு இருந்த காலத்தில் நான் உப்புப் பாத்திக்கு வேலைக்குப் போன நாளெல்லாம் உனக்குச் சோறு போட்ட உன் அத்தை. குளிர் ஜுரம், இடுப்புக்கு மேலே முதுகில் தாங்க முடியாத வலி, நீர்ப்பையிலிருந்த கிருமி சிறுநீரகத்துக்கு ஏறிவிட்டது என்கிறார்கள். கையில் ஊசி குத்தி பாட்டிலில் மருந்து இறங்குகிறது. கொண்டுவந்து சேர்த்த அன்றைக்கு உறுதியாக எதுவும் சொல்ல முடியாது என்றுதான் சொன்னார்கள். அவள் அங்கே போய்ப் படுத்ததற்குக் காரணம் நீ பேசி அனுப்பின வாய்ஸ் மெசேஜ். ஷாலினி உன்னிடம் சொல்லியிருக்க மாட்டாள், அண்ணன் மனசு கஷ்டப்படும் என்று மறைத்திருப்பாள். நான் மறைக்க மாட்டேன், உன் மனசு கஷ்டப்பட வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

நடந்ததில் பாதி உனக்குத் தெரியாது, தெரிந்த பாதியையும் நீ உன் வசதிக்கு மாற்றி வைத்திருக்கிறாய், அதனால் ஆரம்பத்திலிருந்தே வருகிறேன். போன தடவை நீ லீவில் வந்திருந்தபோது எனக்கு நீர்க்கடுப்பு வந்து அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தேன். டாக்டரிடம் போகலாம் என்று நீ சொன்னாய், ஆம்பிளை டாக்டரிடம் இதையெல்லாம் எப்படிச் சொல்வது என்று நான்தான் மறுத்தேன், அதை இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் உடனே வண்டியை எடுத்துக்கொண்டு உன்கூடப் படித்த அரசப்பனின் மெடிக்கலுக்குப் போய், அவன் எடுத்துக் கொடுத்த சிப்ரோ என்கிற கிருமி மாத்திரையை ஒரு அட்டை வாங்காமல் ஒரு டப்பாவே வாங்கி வந்தது யார். “இது செம மாத்திரைம்மா, எங்க கேம்ப்ல டாக்டர் சீட்டு இல்லாம கண்ணுலயே காட்ட மாட்டான், இங்க கேட்ட ஒடனே தர்றான், வெச்சுக்க, எரியும்போது ஒண்ணு போட்டுக்க” என்று சொல்லி அஞ்சறைப்பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு விமானம் ஏறினாய். அந்த ஊரில் சீட்டு இல்லாமல் ஏன் தருவதில்லை என்று நீயும் யோசிக்கவில்லை, அரசப்பனும் சொல்லவில்லை. இப்போது போனில் “யாரும்மா உன்ன இத்தினி மாத்திரை போடச் சொன்னது” என்று என்னைக் கேட்கிறாய். நீதான்டா சொன்னது.

பாத்தியில் பெண்கள் ஏன் தண்ணீர் குடிப்பதில்லை என்று நீ ஒரு நாளாவது யோசித்திருக்கிறாயா. நீயும் எனக்குக் கஞ்சித் தூக்கு கொண்டுவந்தவன்தான். கண்ணுக்கு எட்டின மட்டும் வெள்ளை வெளேரென்று பாத்தி, மறைவுக்கு ஒரு செடி கிடையாது, வேலிக்காத்தான்கூட ரோட்டோரத்தில்தான் முளைக்கிறது. ஆண்களுக்குத் திரும்பி நின்றால் முடிந்தது. நாங்கள் இருட்டோடு வீட்டில் போய்விட்டு வந்தால் மறுபடி வேலை முடிந்து வீட்டுக்கு வந்துதான். அதனால் தண்ணீரே குடிப்பதில்லை. தொண்டை காய்ந்தால் ஒரு வாய் கொப்பளித்துத் துப்பிவிட்டு உப்பை வாருவோம். புதிதாக வேலைக்கு வருகிற மருமகளுக்கு முதலில் சொல்லிக் கொடுப்பதே இதைத்தான், பலகையை எப்படிப் பிடிப்பது என்பதெல்லாம் அப்புறம். தண்ணீர் பாட்டிலோடு வருகிறவளைப் பார்த்தால் நாங்களே கேலி செய்வோம், மகாராணி வந்துட்டா, பின்னாலயே பாத்ரூமும் தூக்கிக்கினு வர்றாங்களா என்று.

இப்படி அடக்கி அடக்கித்தான் எங்கள் எல்லோருக்கும் நீர்க்கடுப்பு. நீ வைத்துவிட்டுப் போன மாத்திரையைப் போட்டேன், எரிச்சல் அடங்கியது, அடங்கியதும் நிறுத்திவிட்டேன். மறுபடி வந்தது, மறுபடி ஒன்று. பிறகு எனக்கு ஒரு யோசனை தோன்றியது, எரிந்த பிறகு போடுவதைவிட எரிவதற்கு முன்னாலேயே போட்டுக்கொண்டால் என்ன என்று. அதிலிருந்து பாத்திக்குக் கிளம்பும்போதே ஒன்று. அட்டையை முந்தானையில் முடிந்துகொண்டு போய்க் கேட்டவர்களுக்கும் கொடுத்தேன். ஏன் கொடுக்க மாட்டேன், என்கூட வெயிலில் நிற்கிறவளுக்கு எரியும்போது நான் மட்டும் விழுங்கிவிட்டு வேடிக்கை பார்ப்பேனா. வாங்கியது மரக்காணத்தில், பாத்தியில் அதற்குக் கத்தார் மாத்திரை என்றே பேர் வந்துவிட்டது. அதையும் தண்ணீர் விட்டு விழுங்கினோம் என்று நினைக்காதே. எச்சிலைக் கூட்டித்தான் விழுங்கினோம்.

அது எங்களைச் சும்மா விட்டதா. என்கூட உப்பு வாருகிற குப்பம்மாளுக்கு வயிற்றால் போனது. ஒதுங்க இடமில்லாத பாத்தியில் அந்த வயிற்றை வைத்துக்கொண்டு அவள் பட்ட பாடு எதிரிக்கும் வரக் கூடாது, நாங்கள் நாலு பேர் புடவையைப் பிடித்து மறைத்து நின்றோம். பொன்னம்மாளுக்கு முகமும் முன்கையும் வெந்து தோல் உரிந்தது, இந்த வருஷம் வெயில் ஜாஸ்தி என்று நாங்களே ஒரு காரணம் சொல்லிக்கொண்டோம், காலமெல்லாம் அதே வெயிலில் நின்றவள்தானே அவள் என்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்கு வாய் கசந்தது, சோறு இறங்கவில்லை, அப்புறம் வெள்ளைப்பட்டு ஒரே அரிப்பு. பெற்ற மகனுக்கு இதையெல்லாம் எழுதுகிறாளே என்று முகத்தைச் சுளிக்காதே. நானும் இந்த வரியை எழுதுவதற்கு முன் பேனாவைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போகத்தான் பார்த்தேன், கால் கட்டு போட்டிருப்பதால் போக முடியவில்லை. உன்னிடம் சொல்லக் கூச்சம், டாக்டரிடம் சொல்லக் கூச்சம், உன் அப்பாவிடம் சொல்லக் கூச்சம், அந்தக் கூச்சத்தை வைத்துக்கொண்டுதான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறோம். நீ ஒன்றும் சின்னப் பிள்ளை இல்லை, படித்துக்கொள்.

பிறகுதான் குதிகால் வலி. காலையில் எழுந்து காலை ஊன்றினால் உயிர் போகும், நடக்க நடக்கக் கொஞ்சம் இளகும். உப்புத் தண்ணீரில் நிற்கிற கால் வலிக்காமல் என்ன செய்யும் என்று உன் அப்பா விளக்கெண்ணெய் தேய்த்துவிட்டார். அதற்குக் கொஞ்ச நாள் முன்புதான் முட்டி வலி என்று தனியார் டாக்டரிடம் போய் ஊசி வேறு போட்டுக்கொண்டிருந்தேன். வலியோடு வேலைக்குப் போனேன், கூடவே காலையில் ஒரு மாத்திரையும் போட்டேன். அன்றைக்குக் கூடையோடு உப்புக் குவியல் மேல் ஏறிக்கொண்டிருக்கிறேன், பின்னங்காலில் யாரோ கட்டையால் படாரென்று அடித்தார்கள். சத்தம்கூட என் காதில் கேட்டது. கூடையோடு விழுந்தேன். திரும்பிப் பார்த்தால் பின்னால் நிற்பது குப்பம்மாள், கையில் உப்பு வாரும் பலகை. விழுந்த இடத்திலிருந்தே அவளைப் பிடித்துக்கொண்டேன். ஏண்டி, கண்ணு அவிஞ்சா போச்சு, எதுக்குடி என்ன அடிச்ச என்று வாய்க்கு வந்ததெல்லாம் சொன்னேன். அவள் “நான் தொடவே இல்லக்கா, எம் புள்ளைங்க மேல சத்தியமா நான் தொடல” என்று அழுதாள். நான் நம்பவில்லை. என்னை ஆட்டோவில் ஏற்றி உட்கார வைத்ததே அவள்தான், கதவோரம் நின்றவளை அப்போதும் திட்டிக்கொண்டேதான் போனேன்.

பாண்டிச்சேரியில் பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்த டாக்டர் ஒரு சின்னப் பெண், நம் ஷாலினியைவிடக் கொஞ்சம் பெரியவளாக இருப்பாள். நான் வாயைத் திறப்பதற்கு முன் அவளே கேட்டாள், “யாரோ பின்னாலேர்ந்து அடிச்ச மாதிரி இருந்துச்சாம்மா” என்று. ஆமாம், குப்பம்மாள் அடிச்சுட்டா என்றேன். “யாரும் அடிக்கலம்மா, குதிகால்ல இருக்கிற தசைநார் அறுந்திருக்கு, அறுந்தா அடிச்ச மாதிரிதான் தெரியும்” என்று சொல்லிவிட்டு, சமீபத்தில் என்ன மாத்திரை சாப்பிட்டீர்கள் என்று கேட்டாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து அட்டையைக் காட்டினேன். அவள் அதைப் பார்த்துவிட்டு என்னையும் பார்த்தாள். தேவைப்படுகிறவர்களுக்கு அது நல்ல மருந்துதானாம். ஆனால் சிலருக்கு, அதிகம் பேருக்கு இல்லை, தசைநாரைப் புண்ணாக்கி வலிக்க வைக்குமாம், விடாமல் போட்டால் அறுந்தும் போகுமாம். வயசானவர்களுக்கும், முட்டிக்கு நான் போட்டுக்கொண்டது மாதிரி ஸ்டீராய்டு ஊசி போட்டவர்களுக்கும் அந்த ஆபத்து கூடுதலாம். குதிகால் வலி ஆரம்பித்த அன்றே மாத்திரை எழுதிக் கொடுத்த டாக்டரிடம் ஓடியிருக்க வேண்டுமாம். எழுதிக் கொடுத்தவர் யாரும் இல்லையே, நான் எங்கே ஓடுவது. குப்பம்மாள் வயிறு, பொன்னம்மாள் முகம், என் அரிப்பு என்று ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அவள் தலையாட்டிக்கொண்டே கேட்டாள், எல்லாமே அந்த மாத்திரை செய்யக் கூடியதுதான் என்றாள். இப்படி ஒன்றும் பாதியுமாகப் போட்டால் கிருமி சாகாமல் பழகிப்போய்விடும், நிஜமாகவே வேண்டிய நாளில் மருந்து வேலை செய்யாது என்றும் சொன்னாள். பாதத்தைக் கீழ்நோக்கி வளைத்து முட்டிவரை கட்டுப் போட்டு அனுப்பினார்கள்.

அந்தப் பெண் கடைசியாகச் சொன்னதைத்தான் நீ காதில் வாங்கவே இல்லை. “அதுக்காக மாத்திரை மேலயே கோவப்பட்டுடாதீங்கம்மா. டாக்டர் பாத்துக் குடுத்தா முழுசா போட்டு முடிக்கணும். எதுனா பண்ணுச்சுன்னா திரும்பி வந்து கேக்கணும், வேற மாத்தித் தருவோம். நீங்களா ஆரம்பிக்கவும் கூடாது, நீங்களா நிறுத்தவும் கூடாது” என்றாள். இதை நான் உன்னிடம் போனில் சொல்ல ஆரம்பித்தேன். தசைநார் அறுந்தது என்ற இடத்திலேயே நீ கத்த ஆரம்பித்துவிட்டாய். போனை வைத்துவிட்டு அதே சூட்டில் ஷாலினிக்கு ஒரு மெசேஜ் பேசி அனுப்பினாய், நானும் கேட்டேன். “யாரும் அந்த மாத்திரையத் தொடாதீங்க, ஆன்டிபயாடிக்னாலே வெஷம், எங்கம்மா காலையே அறுத்துடுச்சு, இவனுங்க கமிஷனுக்கு எழுதித் தர்றானுங்க, எது வெச்சிருந்தாலும் தூக்கிப் போடுங்க” என்று. உன் தங்கை நல்லது செய்கிறதாக நினைத்து அதைப் பாத்திப் பெண்கள் குரூப்பில் போட்டுவிட்டாள். கமிஷனுக்கு எழுதித் தந்த டாக்டர் யார் என்று சொல்லேன் பார்ப்போம். இதில் ஒரு டாக்டரும் எழுதித் தரவே இல்லையே.

இங்கேதான் பொன்னம்மாள் வருகிறாள். என் கால் போனதைப் பார்த்துப் பயந்து, அவள் ஆயுசில் முதல் தடவையாகத் தானாகவே மரக்காணத்து கவர்மென்ட் ஆஸ்பத்திரிக்குப் போய், கூச்சத்தை விட்டு எரிச்சலைச் சொல்லி, டப்பாவில் சிறுநீர் பிடித்துக் கொடுத்து, டாக்டர் பார்த்து எழுதின மாத்திரையை வாங்கி வந்திருந்தாள். அது வேறு மாத்திரை, கத்தார் மாத்திரை இல்லை. ஒழுங்காகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள், எரிச்சல் குறைந்துகொண்டு வந்தது. அந்த நேரத்தில் உன் குரல் அவள் போனில் பேசியது. நாலு பேரைக் கூட்டி வைத்து அதைப் போட்டுக் காட்டியிருக்கிறாள், “கத்தார்ல இருக்கிற புள்ள சொல்லுது, அதோட அம்மாவுக்கே கால் போச்சு, அதுக்குத் தெரியாமயா சொல்லும்” என்று சொல்லி மீதி மாத்திரையை வாய்க்காலில் வீசிவிட்டாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அந்த டாக்டர் பெண் சொன்னதைச் சொல்லியிருப்பேன். படுத்துக் கிடக்கிறவளை ஏன் தொந்தரவு செய்வது என்று கேட்கவில்லையாம். இந்த ஆனி வெயிலில் இரண்டு கம்பளியைப் போர்த்திக்கொண்டு பல் கிட்டிக் கிடந்தவளை அவள் வீட்டுக்காரர் பார்த்துவிட்டு வண்டி பிடித்தார். அவர் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை, உன்னையும் ஒன்றும் சொல்லவில்லை. வாசலில் என்னைப் பார்த்து, புள்ள எப்படியிருக்குது என்று உன்னைத்தான் விசாரித்தார். எனக்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போல இருந்தது.

உனக்கு என்மேல் பாசம், அதனால் கோபம், எனக்குப் புரியாமல் இல்லை. பின்னால் அடி விழுந்ததும் நானும் திரும்பிப் பார்த்துக் கைக்குக் கிடைத்த குப்பம்மாளைத் திட்டினேன். நீயும் அதைத்தான் செய்திருக்கிறாய். நான் திட்டினதில் அவள் அழுததோடு போனது, கட்டோடு போய் அவள் வீட்டு வாசலில் உட்கார்ந்து மன்னிப்பு கேட்டுவிட்டு அவள் கையாலேயே காபி வாங்கிக் குடித்துவிட்டு வந்தேன். நீ திட்டினதில் ஒருத்தி ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள். எங்களை அடித்தது மாத்திரை இல்லைடா, டாக்டரும் இல்லை. ஒதுங்க ஒரு இடம் இருந்திருந்தால் நாங்கள் தண்ணீர் குடித்திருப்போம், தண்ணீர் குடித்திருந்தால் பாதி பேருக்கு இந்த எரிச்சலே வந்திருக்காது, வந்தாலும் ஒரு மாத்திரையை முந்தானையில் முடிந்துகொண்டு போயிருக்க மாட்டோம். கக்கூஸ் இல்லாத குறைக்கு மாத்திரையைத் தின்றோம். இதை யோசித்து யோசித்துத்தான் எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது.

சும்மா எரிந்துகொண்டிருக்கவில்லை. போன வாரம் உன் அப்பாவை வண்டி எடுக்கச் சொல்லி, கட்டுப் போட்ட காலை நீட்டிக்கொண்டு, பாத்தி நடத்துகிற சிவப்பிரகாசத்தைப் பார்க்கப் போனேன். குப்பம்மாளும் இன்னும் சிலரும் கூட வந்தார்கள். என் காலைப் பார்த்து ஐயோ பாவம் என்றார், நாற்காலி போடச் சொன்னார். கக்கூஸ் என்று வாயைத் திறந்ததும் முகம் மாறிவிட்டது. “இத்தினி வருஷமா இல்லாதது இப்ப எதுக்கும்மா. இது அரசாங்கத்து நெலம், நான் குத்தகைக்காரன். தோண்டினா உப்புத் தண்ணி ஊறுது, இதுல எந்தத் தொட்டி நிக்கும். வேணும்னா ஷெட்ல ஒரு மருந்துப் பெட்டி வெச்சுடறேன், வலிக்கு, எரிச்சலுக்கு எல்லாத்துக்கும் மாத்திரை போட்டு வெக்கிறேன்” என்றார். எங்கள் கஷ்டத்துக்கு அவரும் மாத்திரைதான் தருகிறார் பார். குப்பம்மாள்தான் பேசினாள், இதுவரை அவர் எதிரில் நிமிர்ந்துகூடப் பார்க்காதவள். “ஒங்க வீட்டுப் பொம்பளைங்கள ஒரே ஒரு நாள் பாத்திக்கு அனுப்புங்க, சாயங்காலம் வரைக்கும் நிக்கட்டும், அப்புறம் வேணுமா வேணாமான்னு அவங்களையே கேட்டுச் சொல்லுங்க” என்றாள். உள்ளே அவர் மனைவி நின்றுகொண்டிருந்தது எங்களுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். உள்பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, ரோட்டோரக் கரையில் மூலையில் இடம் விடுகிறேன், அனுமதியும் கேட்டுப் பார்க்கிறேன், ஆனால் உப்பில் அரிக்காமல் மழையில் மூழ்காமல் நிற்கிற மாதிரி எப்படிச் செய்வது என்று யாராவது தெரிந்தவன் வந்து சொல்லட்டும் என்றார்.

தெரிந்தவன் யார். கத்தாரில் மாடிக்கு மாடி கக்கூஸ் பொருத்துகிற பிளம்பர் யார் பெற்ற பிள்ளை. நீ அனுப்பின போட்டோவெல்லாம் என் போனில் இருக்கிறது, பளபளவென்று குழாயும் பீங்கானுமாக. வேலை நடக்கிற இடத்தில் ஆட்களுக்கென்று பாலைவனத்து மணலில் தூக்கி வைத்திருக்கிற பிளாஸ்டிக் கக்கூஸ் அறையைக்கூட ஒரு தடவை வீடியோவில் காட்டினாய், அடியில் தொட்டி, நிறைந்தால் லாரி வந்து எடுத்துப் போகும் என்று சிரித்துக்கொண்டே சொன்னாய். அன்றைக்கு நானும் சிரித்தேன். அந்தப் பாலைவனத்தில் வைக்கத் தெரிந்தவனுக்கு உன் அம்மா நிற்கிற பாத்தியில் ஒன்று வைக்க வேண்டும் என்று தோன்றவில்லை, எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. ஒரு டப்பா மாத்திரை போதும் என்று இரண்டு பேரும் இருந்துவிட்டோம். ஆவணியில் லீவுக்கு வருகிறாய் இல்லையா, சென்ட் பாட்டிலும் பேரீச்சம்பழமும் இல்லாவிட்டால் பரவாயில்லை, உன் கருவிப் பையை எடுத்துக்கொண்டு வா. வருவதற்கு முன்பே என்ன தொட்டி, என்ன குழாய், எவ்வளவு உயரத்தில் என்று வரைந்து அனுப்பு, சிவப்பிரகாசம் முகத்துக்கு நேரே நீட்டுகிறேன்.

வேலையை விட்டுவிட்டு வீட்டில் உட்காரச் சொல்கிறாய். டாக்டர், கட்டு அவிழ்த்த பிறகும் கூடை தூக்கிக் குவியல் ஏறக் கூடாது என்று சொல்லியிருக்கிறாள், அது எனக்கே தெரியும். கூடை தூக்காமல் செய்கிற வேலையும் பாத்தியில் இருக்கிறது. போவதா வேண்டாமா என்று என் காலைக் கேட்டு நான் சொல்கிறேன், கத்தாரிலிருந்து நீ உத்தரவு போட வேண்டாம். நான் உட்கார்ந்துவிட்டால் குப்பம்மாளும் மற்றவர்களும் எங்கே உட்காருவார்கள் என்பதையும் கொஞ்சம் யோசி. அரசப்பனிடம் சண்டைக்கு ஆள் அனுப்புவதாகச் சொன்னாயாம், அதுவும் வேண்டாம். நானே போய்ச் சொல்லிவிட்டேன், இனி எங்கள் யாருக்காவது சீட்டு இல்லாமல் அந்த மாதிரி மாத்திரை கொடுத்தால் கடை வாசலில் இந்தக் கட்டுக் காலை நீட்டி உட்கார்ந்துகொள்வேன் என்று. தலையைக் குனிந்துகொண்டு சரிம்மா என்றான். வீட்டில் மீதி இருந்த டப்பாவை ஆஸ்பத்திரியிலேயே கொடுத்துவிட்டேன். நீயும் அங்கே ஜலதோஷத்துக்கெல்லாம் கூட இருக்கிறவன் கொடுக்கிற மாத்திரையை விழுங்காதே. நாள் முழுக்க வெயிலில் நிற்கிறவன், தண்ணீர் குடி, உனக்குத்தான் அங்கே இடம் இருக்கிறதே.

நேற்று மத்தியானம் பொன்னம்மாளைப் பார்த்துவிட்டு வந்தேன். ஜுரம் இறங்கியிருக்கிறது, கண் தெளிந்திருக்கிறது, மருந்து இன்னும் ஊசியில்தான் போகிறது, முழுதாக முடித்துத்தான் அனுப்புவார்களாம். நர்ஸ் ஒரு பெரிய ஜக்கில் தண்ணீர் கொண்டுவந்து வைத்து, இதைச் சாயங்காலத்துக்குள் குடித்து முடிக்க வேண்டும் என்றாள். பொன்னம்மாள் ஜக்கைத் தொடவில்லை. என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, “யக்கா, இங்க பாத்ரூம் எங்க இருக்குது, ரொம்ப தூரமா” என்று காதோடு கேட்டாள். நான் திரும்பிப் பார்த்தேன், அவள் கட்டிலிலிருந்து நாலாவது கட்டிலைத் தாண்டினால் கதவு. அதோ அந்தக் கதவுதான்டி என்றேன். உள்ளேயிருந்து தாழ்ப்பாள் இருக்குதா என்று கேட்டாள். நான் தாங்கித் தாங்கி எழுந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்து இருக்குது என்றேன். “அப்ப குடிக்கலாமா” என்றாள். குடிடி என்றேன். இரண்டு கையாலும் ஜக்கைப் பிடித்துக்கொண்டு மூச்சு விடாமல் குடித்தாள், கழுத்தெல்லாம் வழிந்தது, நான் பார்த்துக்கொண்டே நின்றேன். இத்தனை வருஷம் பக்கத்துப் பாத்தியில் நின்றிருக்கிறேன், அவள் தண்ணீர் குடித்து நான் பார்த்ததே இல்லை.

காகிதம் முடியப் போகிறது. உன் மேல் கோபம் தீரவில்லை, அது தீருவது உன் கையில்தான் இருக்கிறது. இதைப் படித்து முடித்ததும் முதல் வேலையாக இன்னொரு மெசேஜ் பேசி அனுப்பு. நான் அன்றைக்குச் சொன்னது தப்பு, டாக்டர் பார்த்துக் கொடுத்ததை முழுதாகச் சாப்பிடுங்கள், ஏதாவது ஒத்துக்கொள்ளவில்லை என்றால் டாக்டரிடமே திரும்பிப் போய்ச் சொல்லுங்கள் என்று நிதானமாகப் பேசு, கத்தாதே. அதை ஷாலினி எல்லோருக்கும் அனுப்பட்டும். பொன்னம்மாளுக்கு மட்டும் மெசேஜ் அனுப்பாதே, அவளிடம் நேரே பேசு, அத்தை என்று கூப்பிட்டுப் பேசு. அவள் உன்னைத் திட்ட மாட்டாள், அதுதான் உனக்குத் தண்டனை. தெய்வம் உன் கைகால்களை நோவில்லாமல் வைத்திருக்கட்டும், நீ பொருத்துகிற குழாய் ஒன்றும் ஒழுகாமல் இருக்கட்டும், என் ஆயுசையும் சேர்த்து நீ நன்றாக இரு. அப்பாவும் ஷாலினியும் உன்னை விசாரித்தார்கள்.

இப்படிக்கு,
காலில் கட்டோடு,
உன் அம்மா பாக்கியலட்சுமி

மறந்துவிட்டேன். நீ வருவதற்கு முன்னால் அங்கிருந்து யாராவது ஊருக்கு வந்தால் அவர்கள் கையில் மாத்திரை, தைலம் எதுவும் கொடுத்தனுப்பாதே. நீ வேலைக்கு எடுத்துப் போகிறாயே, ஜில்லென்று வைத்திருக்கும் பெரிய தண்ணீர் பாட்டில், அது கொடுத்தனுப்பு. ஒன்று போதாது, பொன்னம்மாளுக்கும் குப்பம்மாளுக்கும் சேர்த்து அனுப்பு.